கொல்லையில் சனி

அக். 5, ஞாயிறு

புழுக்கம். இலை அசையவில்லை. மாதா கோயிலில் முதல் பூசை முடிந்து வந்த கையோடு, புடவை கூட மாற்றாமல், கொல்லையில் ஒரு குச்சி நட்டேன். வடக்கு எது என்று சரியாகத் தெரிய வேண்டும். கைப்பேசித் திசைகாட்டியை நம்பிப் பிரயோஜனமில்லை. கிணற்றுக் கம்பி பக்கம் ஒரு வடக்கு காட்டுகிறது, துவைக்கிற கல் பக்கம் இன்னொரு வடக்கு. துருவ நட்சத்திரம் நம் ஊருக்குத் தரையோடு கிடக்கும். அதுவும் பின்பக்க அபார்ட்மெண்டின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். எனவே நிழல்தான் கதி.

செய்முறை: காலை நிழலின் நுனியில் ஒரு புள்ளி. அந்த நீளத்துக்குக் குச்சியைச் சுற்றி வட்டம். பிற்பகலில் நிழல் திரும்ப வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடு, வடக்கு. இடையில் கறிக்குழம்பு, துணி மடிப்பு.

இரண்டாவது புள்ளி வைக்கும் நேரத்தில் மேகம். அது போகும்வரை கிணற்று மேடையில் உட்கார்ந்திருந்தேன். வேலை ஏதும் இல்லாமல் நிழலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று. நகர்வதே தெரியாது. தென்னை மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நகர்ந்திருக்கும்.

கட்டப்போவது: எட்டடிக்கு எட்டடி அறை. நடுவில் கான்கிரீட் தூண், அதன் தலையில் வடக்குக்குச் சரியாகப் பொருத்திய டெலஸ்கோப். கூரை சக்கரத்தில் ஓடித் திறக்கும். ஆழ்வார்பேட்டையில் ஒரு பில்டர் ஆபீசில் இத்தனை வருஷம் அடுத்தவர் வீட்டுக்கே வரைபடம் போட்டேன். எனக்கென்று போட்டது இது ஒன்றுதான்.

எனக்கென்று என்ன. இவருக்கு.

வலது கண் போன வருஷமே போய்விட்டது. கண் அழுத்தம். இடது கண்ணில் நடுவே ஒரு சின்ன ஜன்னல் மட்டும் பாக்கி. ஸ்ட்ரா வழியாகப் பார்ப்பது போல என்கிறார். சொட்டு மருந்துக்கு அழுத்தம் இறங்கவில்லை. ஜனவரியில் ஆபரேஷன். டாக்டர் மறைக்கவில்லை: “இருக்கறது நிக்கலாம் சார். இருக்கறதும் போனாலும் போகலாம்.”

இவர் தலையாட்டிவிட்டு வந்தார். ஆட்டோவில் ஏறும்போது சொன்னார்: “முப்பது வருஷம் ஜியாக்ரபி கிளாஸ்ல சனி கிரகத்தை போர்டுல வரைஞ்சேன் பிலோ. கலர் சாக்பீஸ்ல வளையம். ஒரு தடவை கூட நேர்ல பாத்ததில்ல.” சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான். மந்தவெளி தாண்டும்வரை எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை.

டெலஸ்கோப் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. வெளிநாடு போகும் வேளச்சேரித் தம்பதி கொடுத்துவிட்டுப் போனது. மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தோம். இவருக்குக் கீழே இருப்பது தெரியாது, முக்காலியின் கால் தடுக்கி விழப்பார்த்தார். தெரு விளக்கு வேறு கண்ணைக் கூசவைத்தது. அதனால்தான் அறை. தடுக்க எதுவும் இல்லாத, இருட்டான, வீட்டுப் படியிலிருந்து பத்தடியில் ஓர் அறை.

அக். 11, சனி

மேஸ்திரி கன்னியப்பன் வந்தார். குழியைப் பாதி நானே தோண்டி வைத்திருந்தேன். பார்த்துச் சிரித்தார். “இன்னாம்மா இது, பெருச்சாளி தோண்டினாப்பல கீது.”

வரைபடத்தைக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு வெற்றிலைப் பையில் வைத்துக்கொண்டார். வாயால் சொன்னேன், இரண்டு முறை: தூண் தனி, தரை தனி. இரண்டும் தொடக் கூடாது. நடுவில் ஒரு இஞ்சு சந்து. தரை போடும்போது சந்தில் தெர்மாகோல் வைத்து ஊற்றுங்கள், காய்ந்ததும் உருவிவிடலாம். நடக்கிற அதிர்ச்சி தூணுக்குப் போகக் கூடாது.

“சர்ம்மா, சர்ம்மா.”

“புரிஞ்சுதா?”

“இத்தினி வருஷமா இன்னா மாடு மேய்ச்சிக்கினா கீறேன்? புரிஞ்சுது.”

கான்கிரீட் கொட்டும் முன் செருப்பைக் கழற்றினார். குழியில் ஒரு பிடி சாமந்தி போட்டார். அது அவர் வழக்கம் போலும் என்று நினைத்தேன். போகும்போது தென்னையில் ஒரு திருஷ்டி பொம்மையும் தொங்கவிட்டார். நாக்கு ஒரு முழம்.

மதிலுக்கு மேலே ரோஸி அக்கா தலை. பக்கத்து வீடு. கோயிலில் எனக்கு முன் வரிசை.

“கெபியா பிலோ கட்டுற? மாதாவுக்கா, லூசியம்மாளுக்கா?”

“இல்லக்கா. டெலஸ்கோப் வைக்க.”

“சரி சரி. நேர்ச்சைய வெளில சொல்லக் கூடாதுதான்.” கண்ணைச் சிமிட்டிவிட்டு இறங்கிவிட்டாள். சுரூபம் வைக்கிற குகைக்கோயில் என்று நினைத்துவிட்டாள், லூசியம்மாள் கண்ணுக்குப் புனிதை ஆயிற்றே.

முதுகு வலி. இரும்புச் சத்து மாத்திரை மறந்துபோயிற்று.

அக். 16, வியாழன்

ஆபீசில் சொன்னேன். அக்கவுண்ட்ஸ் மாமி சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டார். “எல்லாரும் சனி விலகணும்னு எள் விளக்கு ஏத்திண்டிருக்கா. நீ ரூம் கட்டி வாங்கோ வாங்கோன்னு கூப்பிட்டுண்டிருக்கியா?”

நல்ல கேள்வி. சிரித்துவிட்டேன், ஆனால் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். நமக்கு இனி அது புதிதாக என்ன செய்துவிடப் போகிறது.

அக். 25, சனி

தீபாவளிப் புகை அடங்கி, இரண்டு நாள் மழை. சுவர் முடிந்தது. நான் ஆபீசில் இருக்கும்போது மேஸ்திரி தரையையும் முடித்துவிட்டார். முகம் பார்க்கலாம், அவ்வளவு வழுவழுப்பு. அப்படி ஒரு வேலை செய்வார் என்று நினைக்கவில்லை. இன்று நானே சிவப்பு ஆக்சைடு பூசினேன். முழங்கால் போயிற்று.

வாங்க:
கேட் சக்கரம் 4
எல் ஆங்கிள், கிரீஸ்
கறுப்பு பெயிண்ட் (உள்சுவர்)
சொ. மருந்து, பச்சை மூடி
கைப்பிடிக் கம்பி, பாத்ரூமுக்கு வைப்பது (அறையில் இவர் பிடித்து நிற்க)
தேங்காய்
எமிலிக்கு போன் (இவர் தங்கை, தூத்துக்குடி. நான் போன் பண்ணுவதில்லை என்று குறை)

இவர் காபியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினார். ஒன்றும் ஆகாதது போலத் துடைத்தார். நானும் பேப்பரில் இருந்து தலை தூக்கவில்லை.

நவ. 8, சனி

கூரை ஓடுகிறது.

தகர ஷீட்டு, இரும்புச் சட்டம், நான்கு கேட் சக்கரம். தண்டவாளம் கிணற்றுப் பக்கம் நீண்டு போகிறது. வெல்டிங் மட்டும் வெளி ஆள். மற்ற எல்லாத் திருகும் என் கை. முதலில் தள்ளியபோது நகரவில்லை. கிரீஸ் போட்டுவிட்டுத் தள்ளினால், இரண்டு விரலில் போயிற்று. குடுகுடுவென்று ஒரு சத்தம். பரங்கிமலைப் பக்கத்திலிருந்து ராத்திரி வரும் ரயில் மாதிரி தூரத்துச் சத்தம்.

இவரைக் கூட்டி வந்தேன். தானே தள்ளிப் பார்த்தார். மூடினார், திறந்தார், மூடினார், திறந்தார். “போதும்ங்க, சக்கரம் தேஞ்சுடும்” என்றேன். கேட்கவில்லை.

பிறகு உள்ளே நாற்காலி போட்டு, தலையை அண்ணாந்து உட்கார்ந்தார். ஆறரை மணி. கடல் காற்று வந்துவிட்டிருந்தது. அறை அளவுக்கு வெட்டிய வானம், ஓரத்தில் மட்டும் தென்னங்கீற்று. வௌவால் இரண்டு. நாலு சுவர் இருக்கிறது, மேலே ஒன்றும் இல்லை என்பது உடம்புக்கு என்னவோ செய்கிறது. வீடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கொஞ்சம் மேலே போனது போல.

“என்ன தெரியுது?” கேட்டேன்.

“ஒண்ணும் தெரியல. ஆனா காத்து மேலேர்ந்து வருது.”

அது அவருக்குப் போதுமாக இருந்தது. கொசு என்னைத்தான் தின்றது.

நவ. 17, திங்கள்

மழை. மழை. தண்டவாளத்தில் தண்ணீர். ஆபீசில் ஒரு மாடிப்படி வரைந்து முடித்தேன். நடுவில் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்து, மேலாளர் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் “தென்மேற்கு” என்று பதில் சொன்னேன்.

சனி இப்போது சாயங்காலம் ஏழு மணிக்கு நம் தலைக்கு மேலே இருக்கிறது, மேகத்துக்கு அந்தப் பக்கம். அதன் வெளிச்சம் இங்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். ஆபீசைவிட்டு நான் கிளம்புகிறபோது அதுவும் கிளம்புகிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்துக்குக் கொல்லைக்கு வந்து சேருகிறோம், மழை விட்டால்.

இவரிடம் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு விஷயம்: இந்த வருஷம் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நிற்கிறது. சாப்பாட்டுத் தட்டைக் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடித்தால் வெறும் கோடாகத் தெரியுமே, அப்படி. போர்டில் வரைந்த வளையம் தெரியாது. சொன்னால் மனசு விட்டுப்போகும். முதலில் பார்க்கட்டும், பிறகு சொல்லலாம்.

நவ. 22, சனி

வானம் கழுவிவிட்ட மாதிரி. காலையிலிருந்தே எனக்குக் கை ஓடவில்லை.

ஏழு மணிக்குக் கூரையைத் தள்ளினேன். தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம். பிடித்தேன். மஞ்சளாக ஒரு சின்ன உருண்டை, குறுக்கே முடி மெல்லிசில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு. நடுங்கியது. நான் கால் மாற்றி நின்றால் துள்ளியது. அசையாமல் மூச்சைப் பிடித்தால் நின்றது. எவ்வளவு நேரம் பார்த்தேனோ. நிஜமாகவே அது அங்கே இருக்கிறது. யாரும் வரைந்தது இல்லை. யாருக்காகவும் இல்லை. தானாக அங்கே மிதந்துகொண்டிருக்கிறது.

இவரை அழைத்து, கம்பியைப் பிடிக்கச் சொல்லி, கண்ணைக் கொண்டுபோய் வைத்தேன். குனிந்தார். நகர்ந்தார். கால் மாற்றினார்.

“அடேயப்பா,” என்றார். “என்ன அழகு பிலோ. தொப்பி போட்ட மாதிரி வளையம். அகலமா. நடுவுல இடைவெளி கூடத் தெரியுது.”

“நல்லா தெரியுதா?” என்றேன்.

“ரொம்ப நல்லா.”

அவர் விலகியதும் பார்த்தேன். வெறும் கறுப்பு. எப்போதோ ஓடிப்போயிருந்தது.

இடியாப்பம், தேங்காய்ப்பால். இவர் நாலு சாப்பிட்டார். தேங்காய்ப்பாலை இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

நவ. 23, ஞாயிறு

போர்டில் வரைந்ததை எனக்கு ஒப்பித்திருக்கிறார். பதில் தெரியாத பையன் மனப்பாடம் செய்ததை எழுதுவது போல. அதுவும் என்னிடம். பூசையில் மனசு நிற்கவில்லை. சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் இவர் என் பக்கம் திரும்பிக் கை கூப்பினார். நானும் கூப்பினேன். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தேன்.

பகல் பதினொன்று. அடுப்பில் பருப்பு. இவர் கூடத்தில் எமிலியோடு போனில். நான் கோழி வாங்கப் போயிருப்பதாக நினைத்துவிட்டார்.

“தெரியலம்மா. ஏதோ வெளிச்சம் வருது, துள்ளுது, ஓடிப் போயிடுது. என் ஜன்னல்ல நிக்க மாட்டேங்குது. எப்படிச் சொல்றது எமிலி? ரெண்டு மாசமா மண்ணுலயும் சிமெண்டுலயும் கெடக்குறா. கையெல்லாம் வெடிச்சுப் போச்சு. பாத்துட்டேன்னு சொல்லிட்டேன். அவளாவது சந்தோஷமா இருக்கட்டும். ... ம். அது போனா போகட்டும். எல்லாம் பாத்தாச்சு, இதுக்கு மேல என்ன.”

அழுகை வந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது. பருப்பைக் கடைந்தேன். குழைந்து கூழாகிவிட்டது.

கண்ணைவிட அந்தக் கடைசிப் பேச்சுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. போனால் போகட்டுமாம்.

நவ. 25, செவ்வாய்

‘துள்ளுது’ என்றாரே, அது மண்டைக்குள்ளேயே இருந்தது. எனக்கும்தான் துள்ளியது. ஆனால் எனக்கு அது அடங்கும்வரை காத்திருக்க இடம் இருக்கிறது. கண் நிறைய இடம். இவருடைய ஜன்னலில் துள்ளினால் வெளியே போய்விடும். ஏன் துள்ளுகிறது? தூண் ஆறடி ஆழத்திலிருந்து வருகிறது. அசைய நியாயமில்லை.

ஆபீசிலிருந்து வந்ததும் டெலஸ்கோப்பை இறக்கிவிட்டு, தூண் தலையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். தரையில் காலை உதைத்தேன். தண்ணீர் நடுங்கியது. மறுபடி உதைத்தேன். மறுபடி நடுங்கியது.

டார்ச்சை வைத்துத் தூணடியைப் பார்த்தேன். சந்து எங்கே? சிவப்புத் தரை வழுவழுவென்று போய்த் தூணோடு ஒட்டியிருந்தது. அதன்மேல் ஆக்சைடு பூசியவள் நான்தான். முட்டி போட்டு, மூக்கு உரச, ஒவ்வொரு அங்குலமாக. நானா வரைபடம் போடுகிறவள்?

மேஸ்திரிக்கு போன்.

“சந்தா? அத்த நான்தாம்மா அடைச்சேன். தெர்மாகோல் மேல சிமெண்டு போட்டு நைசா இஸ்துட்டேன். கெபி முன்னால முட்டி போடுவாங்க, சந்து கீதுன்னா குத்தும்ல?”

“எந்த கெபி?”

“இன்னாம்மா இப்டி கேக்கற. பக்கத்து வூட்டம்மா சொல்லிச்சே. சாருக்கு கண்ணு நல்லாவணும்னு நேந்துக்கினு கீற, வாய்விட்டு சொல்ல மாட்டன்னு. நானும் எங்க அம்மனாண்ட சாருக்காக சொல்லிட்டுதாம்மா தூணு ஊத்தினேன்.”

திட்டத்தான் போன் பண்ணினேன். சந்து வேண்டும், சனிக்கிழமை வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

இவரிடம் எதுவும் சொல்லவில்லை. நடுங்காத தூணை வைத்துக்கொண்டு பேசிக்கொள்ளலாம்.

டிச. 6, சனி

போன சனிக்கிழமை புயல் மழை. இன்றுதான் வந்தார், உளியோடு. தன்னோடு யாரையும் அழைத்து வரவில்லை.

“என் கையால பூசினத என் கையாலயே ஒடைக்கிறேன். ஒரு மாதிரி கீதும்மா.”

தூணைச் சுற்றிக் கொத்தினார். உள்ளே தெர்மாகோல் அப்படியே இருந்தது. கம்பி போட்டு உருவினார். வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் கொல்லை முழுக்கப் பறந்தன. ஒரு இஞ்சு சந்து, சுற்றிலும். அவர் முகத்தில் அதைப் பார்க்கிற வேதனை.

“இதுல இன்னாதாம்மா பாக்கப் போற?”

“சனி கிரகம்.”

உளியைக் கீழே வைத்துவிட்டார். “சனியவா? அது நம்மள பாக்காம இருந்தா போதாதா? நீ இன்னாத்துக்கு அத்த தேடிப் போய் பாக்கற?”

“சாருக்குப் பாக்கணும்னு ஆசை.”

உளியைத் திரும்பக் கையில் எடுத்தார். “சார்தான் கேட்டாரா? அப்போ சரி,” என்றார்.

டம்ளர் வைத்தேன். குதிக்கச் சொன்னேன். அந்த வயசில் மனுஷன் நன்றாகவே குதித்தார். தண்ணீர் அசையவில்லை. இன்னொரு தபா குதிக்கட்டுமா என்று அவராகவே கேட்டு, குதித்தார். பிறகு டெலஸ்கோப்பை ஏற்றி, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திருப்பிக் காட்டினேன். “காக்கா தலகீழா குந்திக்கினு கீது,” என்றார். ரொம்ப நேரம் பார்த்தார்.

இவர் சத்தம் கேட்டு வாசற்படி வரை வந்து, “என்ன ரிப்பேரா?” என்றார். ஆமாம் என்றேன்.

டிச. 13, சனி

லூசியம்மாள் திருநாள். சாயங்காலம் ரோஸி அக்கா மெழுகுவத்தியோடு வந்து நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். தூண், அதன்மேல் குழாய். சுரூபம் இல்லை.

“நெசமாவே டெலஸ்கோப்பா?”

“அக்டோபர்லேர்ந்து அதத்தானே சொல்றேன்.”

“நான் சாமியார்ட்ட மந்திரிக்க தேதி கேட்டு வச்சிருக்கேண்டி.” சுவர் ஓரமாகவே மெழுகுவத்தியை ஏற்றி, மூன்று மரியே வாழ்க சொன்னாள். நானும் கூடவே சொன்னேன். முழங்கால் போட எனக்கும் அந்தத் தரை சௌகரியமாகத்தான் இருந்தது, மேஸ்திரி சொன்னது போல.

எழுந்ததும் மெல்லக் கேட்டேன். “அக்கா, உங்க வீட்டு ஸ்டார் இந்தப் பக்கம்தான் அடிக்குது. அவருக்குக் கண் கூசும். வானம் தெளிஞ்ச அன்னிக்கு மட்டும் ஒரு அரை மணி நேரம் அணைக்க முடியுமா?”

“கிறிஸ்மஸ்ல ஸ்டாரை அணைக்கச் சொல்ற கிறிஸ்தவச்சி ஊர் ஒலகத்துலயே நீ ஒருத்திதான்.” ஆனால் சரி என்றாள். மிஸ்டு கால் கொடுக்க வேண்டும்.

மேகம்.

டிச. 20, சனி

தெளிந்த வானம். ஏழு மணிக்குக் கூப்பிட்டேன்.

“அதான் பாத்தாச்சே பிலோ. நீ பாரு.”

“இன்னொரு தரம் பாக்கலாம் வாங்க.”

“தலை வலிக்குது.”

பொய். பார்க்கப் போய் இரண்டாம் முறையும் பொய் சொல்ல வேண்டி வருமே என்று பயம். எனக்குத் தெரிகிறது. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. வாயைத் திறந்து ‘அன்று நீங்கள் பார்க்கவில்லை’ என்று சொல்லிவிட்டால் அந்த மனுஷனுக்கு என்ன மிச்சம் இருக்கும்? நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். சனி ஆணி அடித்தது போல நின்றது. நான் நடந்தேன், காலை உதைத்தேன், அசையவில்லை. இவ்வளவு நன்றாக இருக்கும்போது பார்க்க வேண்டியவர் உள்ளே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூரையைத் தடாலென்று மூடினேன்.

ஆபரேஷன் ஜன. 2. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையைத் தானே அடுக்கி வைத்திருக்கிறார். ரேடியோவும் உள்ளே. பேட்டரி இரண்டு செட்.

டிச. 26, வெள்ளி

நேற்றைய கேக் பாக்கி. பிரியாணி அண்டா கழுவவே பகல் போயிற்று. நாலு மணிக்கு மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை.

கிணற்றங்கரையிலிருந்து பார்த்தேன். பாதி நிலா. பக்கத்திலேயே, நாலு விரல் தள்ளி, சனி.

உள்ளே போய், “நிலா பாக்கலாம் வாங்க” என்றேன். சனி என்ற பேச்சே எடுக்கவில்லை. நிலா என்றதும் எழுந்தார். ரோஸி அக்காவுக்கு மிஸ்டு கால். ஸ்டார் அணைந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம், “யாரும் லைட்டப் போடாதீங்க, பிலோ வீட்டுக்காரர் பாக்குறாரு,” என்று அவள் பேரப்பிள்ளைகளை அதட்டுவது கேட்டது.

கம்பியைப் பிடித்துக் குனிந்தார். நிலாவின் வெளிச்சம் அவர் கன்னத்தில் வட்டமாக விழுந்தது. அது நகர்ந்து நகர்ந்து கண்ணுக்குள் போனது. கால் மாற்றினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“நிக்குது,” என்றார். கொஞ்சம் கழித்து, “ஓரமெல்லாம் அம்மைத் தழும்பு. ஒரு பெரிய குழி, அதுக்குள்ள நிழல்.” அவராகவே சொன்னார், நான் கேட்காமல். நிலா மெல்ல ஓடிப்போகும், நான் திருகைத் திருப்பிக் கொண்டுவருவேன், மறுபடி ஓடும். எங்கள் இரண்டு பேர் வேலையும் அதுதான். ரொம்ப நேரம் அப்படியே போயிற்று. எங்கோ கேரல் பாட்டு, எங்கோ மார்கழிக் கச்சேரி ஒலிபெருக்கி, இரண்டும் காற்றில் கலந்து வந்து போயின.

பிறகு ஒன்றும் சொல்லாமல் குழாயைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

“நிலா போயிடுச்சு.”

“அப்படியே இருங்க.”

“இருட்டு. ... ஏதோ வருது. மெதுவா. மெதுவா. ம், நிறுத்து.”

நிறுத்தினேன்.

கம்பியைப் பிடித்திருந்த கை இறுகியது. பிறகு சொன்னார், குறைப்பட்டுக்கொள்ளும் குரலில்: “என்ன பிலோ இது? உருண்டையா இருக்கு. குறுக்கால ஊசி குத்தின மாதிரி ஒரு கோடு. வேற ஒண்ணையும் காணோம்.”

அந்தக் குறை மாதிரி ஒரு நல்ல வார்த்தையை நான் கேட்டதில்லை.

“என்னது இது?”

“சனிதாங்க.”

“வளையம் எங்க?”

“அந்தக் கோடுதான். இந்த வருஷம் அப்படித்தான் தெரியும்.”

கண்ணை எடுக்கவில்லை. நான் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, “அப்போ அன்னிக்கும் இப்படித்தான் இருந்துதா?”

“ஆமாங்க.”

“நான் தொப்பி, இடைவெளின்னு சொன்னேனே.”

“சொன்னீங்க.”

“தெரிஞ்சும் சும்மா இருந்தியா?”

“நீங்க மட்டும்?”

அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா, அழுகையா, பின்னால் நின்ற எனக்குத் தெரியவில்லை. சனி அவர் ஜன்னலைவிட்டு நழுவிவிட்டது போல. “எங்க, எங்க” என்றார். தேடிக் கொண்டுவந்து நிறுத்தினேன். “ம். வந்துட்டுது.”

“வளையம் திரும்ப எப்ப விரியும்?” என்றார்.

“வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா. நீங்க போர்டுல வரைஞ்ச மாதிரி ஆக நாலஞ்சு வருஷம் ஆகும்.”

கண்ணை வைத்தபடியே யோசித்தார்.

“அப்ப டாக்டர்ட்ட சொல்லணும் பிலோ. இந்தக் கண்ணு எனக்கு இன்னும் அஞ்சு வருஷம் வேணும்னு.”